நீக்கப்பட்ட ஏர்பேக்கும் நீங்காத பொறுப்பும்

(நெய்வேலி நகரியத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சட்டம் என்பது நீதிமன்றத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிக் கிடக்கும் வித்தையாக இல்லாமல், வீட்டிலும் வீதியிலும் அதற்குக் கட்டுப்பட்டு வாழும் சாதாரண மனிதருக்கு அவர் பேசும் மொழியிலேயே விளங்கவேண்டும் என்ற உயர்ந்த உத்தேசத்தோடு ஏற்படுத்தப்பட்டது இவ்வறக்கட்டளை. அரசியல் சட்டத்தைப் பற்றியோ, இப்பகுதியில் பெரிதும் பேசப்படும் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைப் பற்றியோ நான் பேசக்கூடுமென்று எதிர்பார்த்து வந்தவர்கள், ஒரு காரின் ஸ்டீயரிங்குக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் நைலான் பையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஐயுறலாம். மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளிலேயே தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், பேச நிரம்ப இருக்கிறது என்றே சொல்வேன். அந்தப் பையை ஒருவர் கழற்றிவிடும்போது, அதுவரை காரைச் செய்த கம்பெனியின் மீதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மீதும் பங்கிட்டு வைக்கப்பட்டிருந்த பொறுப்பில் பெரும்பகுதி, ஓசையின்றி, அவருக்கே தெரியாமல், அவர் தலைமீது வந்து அமர்ந்துவிடுகிறது. இன்று நான் நிலைநாட்ட விரும்பும் விஷயம் இது ஒன்றே.

நெய்வேலி, பாதுகாப்பின் அருமையை அறிந்த ஊர். ஜம்புலிங்க முதலியார் அவர்களின் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டியபோது பூமிக்குள்ளிருந்து கரும்பழுப்புப் பொருள் வெளிப்பட்டு, 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவாகி, 1957 மே 20-இல் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்து, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படுகை முதன்முதலாகக் கண்ணுக்குத் தென்பட்ட காலந்தொட்டு, ஹெல்மெட்டும் பாதுகாப்புக் காலணியும் இன்றிச் சுரங்கத்தில் இறங்கலாகாது என்ற நியதி இங்கே தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கன்வேயர் பெல்ட்டை ஆபத்தில் நிறுத்துவதற்காக அதன் ஓரமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் புல்-கார்டை, காலில் தட்டுகிறதென்று ஒருவன் அவிழ்த்துவிட்டால் அது அவனுடைய சொந்த விஷயம் ஆகாது என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவனுக்குப் பின் அந்த ஷிப்டுக்கு வருகிறவனின் பிராணன் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. சைக்கிளில் ஷிப்டுக்குப் போன பெற்றோரின் பிள்ளைகள் இன்று காரில் போகிறார்கள். நகரியத்துக்குள் வட்டத்துக்கு வட்டம் மர நிழலில் மெதுவாக ஓடும் அதே கார், நகரிய வாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டி விக்கிரவாண்டி-தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே பாய்கிறது. சுரங்கத்துக்குள் நாம் கடைப்பிடிக்கும் ஜாக்கிரதை, வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் காரின் விஷயத்திலும் வேண்டும்.

ஏர்பேக் என்பது தனியாக வேலை செய்யும் பொருள் அன்று. முன்புறம் மோதலை உணரும் கருவி, அவ்வுணர்வைக் கணித்து முடிவு செய்யும் மின்னணுப் பெட்டி, அதன் கட்டளை கிடைத்ததும் எரிந்து வாயுவை உண்டாக்கும் சிறு வெடிமருந்துக் கலம், அவ்வாயுவால் விரியும் பை, அதே விநாடியில் சீட் பெல்ட்டைச் சுண்டி இறுக்கும் மற்றொரு பொறி ஆகிய இவையனைத்தும் ஒரே பெட்டியின் ஆணைக்கு உட்பட்டு, மோதல் நிகழ்ந்து ஏறக்குறைய ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு காலத்துக்குள் தத்தம் பணியை முடித்துவிடுகின்றன. ஆகவே பையை மட்டும் கழற்றினேன், மற்றவை அப்படியே இருக்கின்றன என்று ஒருவர் சொல்வது பல கார்களில் உண்மைக்குப் பொருந்தாது. குறை ஒன்று நேர்ந்ததென்று அந்தப் பெட்டி கண்டுகொண்டால், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, மீதியுள்ள அமைப்பையும் அது முடக்கி வைத்துவிடக்கூடும். சீட் பெல்ட்டுக்குத் துணையாகவே ஏர்பேக் வகுக்கப்பட்டது என்பதையும், பெல்ட் அணியாதவரை அதே பை காயப்படுத்தவும் கூடும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் ஏர்பேக் கட்டாயமாகி அதிக காலம் ஆகவில்லை. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கு முன் ஏர்பேக் அவசியமாயிற்று. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்பவருக்கும் அது வேண்டும் என்று 2021 மார்ச்சில் அறிவிக்கை வெளியாகி, புதிய மாடல்களுக்கு அவ்வாண்டு ஏப்ரல் 1 முதலும், ஏற்கனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு, கெடு ஒருமுறை நீட்டிக்கப்பட்டபின், அவ்வாண்டு முடிந்ததும் நடைமுறைக்கு வந்தது. ஆறு ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கும் யோசனை 2022-இல் எழுந்து, ஒத்திவைக்கப்பட்டு, 2023-இல் கைவிடப்பட்டது.

இப்படிச் சட்டம் வலிந்து பொருத்தச் செய்ததை மனிதர் ஏன் நீக்குகிறார்கள்? வேண்டுமென்றே நல்ல நிலையில் உள்ள ஏர்பேக்கைக் கழற்றுகிறவர்கள் சிலரே. அழகுக்காக வேறு ஸ்டீயரிங் மாட்டுகிறவர்கள் உண்டு. பக்கத்து இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டின் மேல் பிள்ளையாரையோ முருகனையோ ஒட்டிவைத்துவிட்டு, பை விரிந்தால் திருவுருவம் பெயர்ந்து முகத்தில் அடிக்குமே என்று அஞ்சி அந்தப் பக்கத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்கிறவர்களும் உண்டு; அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன், ஆனால் இறைவனை எழுந்தருளச் செய்ய அதைவிட நல்ல இடம் காரிலேயே வேறு இருக்கிறது. பெரும்பாலோர் விஷயத்தில் நடப்பது வேறு. விபத்தில் ஏர்பேக் ஒருமுறை விரிந்துவிட்டால் அதை மடித்து மீண்டும் வைக்க முடியாது. புதிய பை, புதிய மின்னணுப் பெட்டி, சில கார்களில் புதிய டேஷ்போர்டு, பெல்ட் என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃபிலிருந்து வழிவழியாக வரும் பாலிசி நிபந்தனைப்படி, ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பாட்டரி ஆகியவற்றோடு ஏர்பேக்கும் சேர்க்கப்பட்டு, கார் வாங்கி எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் அவற்றின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. பம்பர்-டு-பம்பர் என்று நம் மக்கள் அழைக்கும் தேய்மானமற்ற பாலிசி எடுக்காதவர் அந்தப் பாதியைக் கையிலிருந்து கட்டவேண்டும். அப்பொழுதுதான் டிங்கரிங் ஷெட்டில் ஒரு மெக்கானிக், பை இல்லாமலே மூடியை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன், விளக்கு எரியாமலும் செய்துவிடுகிறேன் என்கிறார். பணமுடையில் இருப்பவர் தலையசைக்கிறார். உயிர்காக்கும் ஒரு சாதனத்தை டயரோடும் பாட்டரியோடும் ஒரே வரிசையில் வைத்துப் பாதி விலைக்குத் தேய்மானம் போடுவது நியாயமன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இதை மறுபரிசீலனை செய்யவேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றியமைக்கலாகாது என்று விதிக்கிறது. இங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்பக்கூடிய ஆட்சேபத்தை நேர்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் இருக்கிறது, சேசிஸ் எண் இருக்கிறது, நிறமும் எரிபொருளும் இருக்கைகளின் எண்ணிக்கையும் இருக்கின்றன, ஏர்பேக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேலும் மாற்றம் என்பதற்கு, வாகனத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாறுதல் என்று அப்பிரிவே விளக்கம் தருகிறது. அப்படியிருக்க ஒரு பையைக் கழற்றியது எப்படிக் குற்றமாகும் என்று அவர் கேட்பார். கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில் 2019 ஜனவரி 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைச் சட்டம் தடுக்கிறது என்று கண்டிப்பாகத் தீர்ப்பளித்திருக்கிறது என்றாலும், 52-ஆம் பிரிவை மட்டும் வைத்து வாதிட்டால் அந்த ஆட்சேபத்துக்குக் கொஞ்சம் வலு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் சட்டம் அந்த ஒரு பிரிவோடு நின்றுவிடவில்லை. சாலைப் பாதுகாப்பு சம்பந்தமாக விதிக்கப்பட்ட தரங்களை மீறும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதோ ஓட்ட விடுவதோ 190-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அதோடு மூன்று மாத காலம் லைசென்ஸ் தகுதியும் பறிபோகும். அதே திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத முறையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. 2019 ஜூலைக்குப் பின் தயாரான காரில் ஓட்டுநர் ஏர்பேக் சட்டம் விதித்த தரம். அதை நீக்கி ஓட்டுகிறவருக்கு 190-ஆம் பிரிவிலிருந்து தப்ப வழியில்லை. அதற்கு முந்தைய காரில், கம்பெனி தானாகவே விரும்பிப் பொருத்திய ஏர்பேக்கை நீக்கினால் குற்றவியல் நிலை அத்தனை தெளிவானது அன்று. அங்கே பிரச்சினை சிறையைப் பற்றியதாக இராமல் பணத்தைப் பற்றியதாக இருக்கும்.

யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை மோட்டார் வாகன ஆய்வாளர் முன் அதை நிறுத்த வேண்டிய நிர்ப்பந்தம் சாதாரணமாக நேர்வதில்லை. ஆகையால் உள்ளே வெறுமையாக இருக்கும் ஸ்டீயரிங்கை முதன்முதலாகப் பார்க்கப்போவது, பெரும்பாலும், விபத்துக்குப் பின் வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயரே. உண்மை வெளிப்படுகிற அந்த நாளில் வீட்டுக்காரர் ஒருவேளை ஆஸ்பத்திரியில் இருப்பார். பதில் சொல்லவேண்டியவர்கள் அவருடைய மனைவி மக்களாக இருப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நம் மக்களிடையே இரு வகைத் தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ஏர்பேக் இல்லையென்றால் கம்பெனி ஒரு பைசாவும் தராது என்பது ஒன்று. பிரீமியம் கட்டியாயிற்று, எப்படியும் தந்துதான் ஆகவேண்டும் என்பது மற்றொன்று. விபத்தில் பாதிக்கப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

காருக்கு வெளியே உள்ளவர், அதாவது சாலையில் நடந்து சென்றவரோ சைக்கிளில் வந்தவரோ, அவருக்கு ஏர்பேக் இருந்ததும் இல்லாததும் ஒன்றே. மூன்றாம் நபர் காப்பீடு சட்டம் கட்டாயமாக்கிய ஒன்று. கம்பெனி அதை மறுப்பதற்குரிய காரணங்களை இப்போதைய 150-ஆம் பிரிவு எண்ணி வரையறுத்து வைத்திருக்கிறது. ஏர்பேக் நீக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. நிபந்தனை மீறப்பட்டது என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளரின் குற்றத்தால் மீறப்பட்டதென்றும் அம்மீறல் விபத்துக்குக் காரணமாயிற்றென்றும் காட்டவேண்டும் என்ற தத்துவத்தை 2004-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் லைசென்ஸ் சம்பந்தமாக விஸ்தாரமாக விளக்கியது. ஆகவே தெருவில் அடிபட்ட ஏழைக்கு நஷ்டஈடு கிடைக்கும்.

காருக்குள்ளே பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தவர் விஷயம் இவ்வளவு எளிதன்று. கேட்போர் இந்த இடத்தில் சற்றுக் கவனம் செலுத்த வேண்டுகிறேன். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் ராஜசேகரன் அவர்கள் தொடுத்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு ஒரேயடியாக எடுக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும் நன்மை பயத்த ஆணை அது. எனினும், முதல் ஆண்டு முடிந்ததும் மற்றப் பாதுகாப்புகளைப் புதுப்பிக்காமல், இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற நிம்மதியோடு இருந்துவிடுகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். சட்டத்துக்கு மட்டும் எடுக்கப்பட்ட அந்தப் பாலிசி, தனியார் காரில் கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்படும் நண்பரையோ உறவினரையோ காப்பதில்லை என்பது 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை. முழுமையான பேக்கேஜ் பாலிசி அவரையும் காக்கும் என்பதை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கையால் தெளிவுபடுத்தியது. இந்த இடைவெளியை அடைக்க எண்ணி, புதிதாக விற்கப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்தாண்டு பம்பர்-டு-பம்பர் காப்பீடு கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும், நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டபின் அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இப்பொழுது மூன்றாம் நபர் பாலிசியின் இந்தக் குறையையும் ஏர்பேக் நீக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் வெறும் மூன்றாம் நபர் பாலிசியோடு, பக்கத்து ஏர்பேக் நீக்கப்பட்ட காரில், தம்மோடு வேலை செய்யும் நண்பரை ஏற்றிக்கொண்டு பண்ருட்டிக்கோ கடலூருக்கோ போகிறார். அவருடைய அஜாக்கிரதையால் கார் ஒரு புளியமரத்தில் மோதுகிறது. நண்பருக்கு நேர்ந்த தலைக்காயத்துக்குரிய நஷ்டஈடு முழுவதும் காரோட்டியவர் சொந்தப் பொறுப்பில் செலுத்தவேண்டியது. செலுத்தாவிட்டால் 174-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரிப் பாக்கியைப்போல் வசூலிக்கப்படக்கூடியது. ஏர்பேக் இருந்திருந்தால் சில்லறைக் காயத்தோடு முடிந்திருக்கக்கூடிய விபத்து, இல்லாததால் வாழ்நாள் ஊனமாக முடியுமானால், தொகையும் அதற்கேற்ப வளர்கிறது. பாதுகாப்புச் சாதனத்தை நீக்கியதும் அவரே, நீக்கியதை நண்பரிடம் சொல்லாமல் அந்த இருக்கையில் உட்காரவைத்ததும் அவரே. உயிரே போய்விட்டால் பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆம் பிரிவில் தொடரப்படும் கவனக்குறைவு வழக்கில், ஓட்டிய விதத்தோடு அந்த நீக்கமும் அரசுத் தரப்பால் எடுத்துக்காட்டப்படும்.

மூன்றாவது நிலை, காரோட்டியவர் மீது குற்றமே இல்லாதது. எதிரே வந்த லாரி தவறான பக்கம் ஏறி மோதுகிறது; கார் உரிமையாளர் பலத்த காயமடைந்து லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டஈடு கோருகிறார். அக்கம்பெனியின் வழக்கறிஞர் எழுந்து, விபத்துக்கு எங்கள் லாரி காரணம், ஆனால் காயத்தின் கடுமைக்கு மனுதாரரே காரணம் என்பார். இங்கிலாந்தில் 1975-இல் தீர்ப்பான ஃபுரூம்-பட்சர் வழக்கில், சீட் பெல்ட் அணியாதவருக்கு, அணிந்திருந்தால் காயமே நேர்ந்திராது என்றால் 25 சதவீதமும், கணிசமாகக் குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதமும் நஷ்டஈட்டில் கழிக்கலாம் என்று நீதிபதி டென்னிங் பிரபு வகுத்தார். நம் உச்ச நீதிமன்றமோ, மோட்டார் சைக்கிளில் மூவராகச் சென்ற ஒரு வழக்கில் 2020 ஜனவரியில், சட்ட மீறல் ஒன்று நடந்திருக்கிறது என்பதாலேயே பங்குக் கவனக்குறைவு ஆகிவிடாது, அம்மீறலுக்கும் விபத்துக்கோ காயத்துக்கோ காரண காரியச் சம்பந்தம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று கூறியது. பாதிக்கப்பட்டவருக்கு அனுகூலமான தீர்ப்பு அது. ஆயினும் முகமும் மார்பும் ஸ்டீயரிங்கில் மோதி நொறுங்கிய வழக்கில், அந்தச் சம்பந்தத்தை நிரூபிப்பது எதிர்த்தரப்புக்கு அப்படியொன்றும் கடினமாக இராது. தமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக நியாயம் கேட்கப் போகும் இடத்தில், தாமே பதில் சொல்லும் நிலைக்கு அவர் தள்ளப்படுகிறார்.

உரிமையாளரே ஓட்டிச் சென்று உயிரிழந்தால் அவர் குடும்பத்துக்குரிய 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீட்டைப் பொறுத்தவரை, அதை மறுக்கும் காரணங்களாகப் பாலிசி சொல்வன வேண்டுமென்றே செய்துகொண்ட காயம், மதுபோதை, லைசென்ஸ் இன்மை போன்றவையே ஆகையால், ஏர்பேக் இல்லை என்ற ஒரே காரணத்தால் கம்பெனி அதை மறுக்க நியாயமில்லை என்பது என் கருத்து. அப்படி மறுக்கப்பட்ட குடும்பம் எதுவும் மனந்தளர்ந்து வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ போகவேண்டும்.

காருக்கு நேர்ந்த சேதத்தின் கிளெய்மில்தான் உரிமையாளரின் நிலை மிகவும் பலவீனமானது. வாகனத்தை நல்ல நிலையில் பராமரிக்க நியாயமான முயற்சிகளை எடுக்கவேண்டும் என்பது தனியார் கார் பாலிசியின் நிபந்தனைகளுள் ஒன்று. கம்பெனியின் தீர்மானத்தைப் பாதிக்கக்கூடிய விவரத்தை மறைக்கலாகாது என்பதோ இன்ஷூரன்ஸ் சட்டத்தின் அஸ்திவாரம். நிபந்தனை மீறல் அடிப்படையானது அன்று என்றால் கிளெய்மை முற்றாகத் தள்ளாமல் 75 சதவீதம் வரை வழங்கலாம் என்று 2008-இல் நிதின் கண்டேல்வால் வழக்கிலும் 2010-இல் அமலேந்து சாகூ வழக்கிலும் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி உரிமையாளருக்கு ஓரளவு ஆறுதல். ஆனால் முந்தைய விபத்தில் ஏர்பேக்குக்காகக் கம்பெனியிடம் பணம் பெற்றுக்கொண்டு, அதைப் பொருத்தாமல் விட்டவருக்கு அந்த ஆறுதலும் கிடையாது. அது நிபந்தனை மீறல் அன்று, மோசடி.

காரைச் செய்த கம்பெனியிடம் நமக்குள்ள பாத்தியத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2015 ஆகஸ்டில் வாங்கிய ஒரு ஹூண்டாய் க்ரெட்டா, 2017 நவம்பரில் டெல்லி-பானிபட் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானபோது அதன் ஏர்பேக்குகள் விரியவில்லை. மோதலின் வேகம் போதவில்லை என்று கம்பெனி வாதாடியது. வேகத்தையும் விசையையும் கணக்கிடும் பௌதிக நிபுணராக நுகர்வோர் இருக்கவேண்டியதில்லை என்று கூறி, நஷ்டஈட்டோடு காரையும் மாற்றித் தரும்படி கீழ் ஆணையங்கள் இட்ட கட்டளையை 2022 ஏப்ரல் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரு தனி மனிதர் ஒரு பெரும் நிறுவனத்தை எதிர்த்துப் பெற்ற இவ்வெற்றிக்கு அடிப்படை, கம்பெனி பொருத்தியது பொருத்தியபடியே அந்தக் காரில் இருந்தது என்பதே. ஷெட்டில் ஒருமுறை அவிழ்த்துக் கட்டப்பட்ட காருக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது.

ஏர்பேக்கே ஆபத்தானால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு உலகமறிந்த சாட்சியம் உண்டு. ஜப்பானின் டக்காட்டா கம்பெனி, ஈரத்தை உறிஞ்சும் பொருளைச் சேர்க்காமல் அம்மோனியம் நைட்ரேட்டை உபயோகித்துச் செய்த வாயுக்கலங்கள், நீண்ட கால வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சீர்கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தன. 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் அவ்வாறு உயிரிழந்தார். உலக வரலாற்றிலேயே பெரிய வாகனத் திருப்பியழைப்பு தொடர்ந்தது. 2017-இல் அக்கம்பெனி திவாலாயிற்று. இந்தியாவிலும் பல கார்கள் திருப்பியழைக்கப்பட்டன. வங்கக் கடலோரத்து வெக்கையில் வாழும் கடலூர் மாவட்டத்தார் இதை அலட்சியம் செய்யலாகாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, தங்கள் கார் அத்தகைய அழைப்பில் அடங்குமா என்று ஷோரூமில் கேட்டறியவேண்டும். ஆனால் அதற்குப் பரிகாரம் கம்பெனி இலவசமாக மாற்றித் தருவதுதான். கழற்றி எறிவது அன்று. அமெரிக்காவில், ஸ்டீயரிங்கிலிருந்து பத்து அங்குலம் தள்ளி உட்கார முடியாதவர், பின்னோக்கிய குழந்தை இருக்கையை முன்புறம் வைத்தே தீரவேண்டியவர், மருத்துவக் காரணம் உள்ளவர் ஆகியோர் விண்ணப்பித்து அனுமதி பெற்று, ஏர்பேக்குக்கு நிறுத்து-சுவிட்ச் பொருத்திக்கொள்ளலாம் என்று 1997-இல் விதி செய்தார்கள். அங்கும் பழுதுபார்க்கும் தொழிலாளி தாமாகவே அதைச் செயலிழக்கச் செய்வது சட்டவிரோதம். நம் நாட்டில் சில கார்களில் பக்கத்து ஏர்பேக்கை நிறுத்திவைக்கக் கம்பெனியே சாவித்துளை அமைத்திருக்கிறது. தேவைப்படும்போது அதை உபயோகிப்பதில் தவறில்லை. அமெரிக்காவைப் போன்ற அனுமதி முறை ஒன்றை நம் போக்குவரத்து அமைச்சகமும் வகுத்தால், உண்மையான காரணம் உள்ளவர்கள் திருட்டுத்தனமாக ஷெட்டை நாட வேண்டியிராது.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும், மற்ற விளக்குகளோடு சேர்ந்து அணைகிறது என்றாலும் ஐயப்படுங்கள். அந்த விளக்கையே ஏமாற்றும் வித்தை தெரிந்தவர்கள் இருப்பதால், கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேனர் மாட்டிப் பரிசோதித்த சீட்டை வாங்குங்கள். பல கம்பெனிகளின் பெயரைப் பொறித்துச் செய்யப்பட்ட போலி ஏர்பேக்குகளை 2024-இல் டெல்லி போலீசார் கைப்பற்றியதிலிருந்து, பை இருக்கிறது என்பதும் போதாது, அது யாருடையது என்பதும் தெரியவேண்டும் என்று ஆகிவிட்டது. நீக்கியதை மறைத்து விற்றவர் மீது கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். விற்பவர் வியாபாரியாக இல்லாத தனிமனிதர் என்றால் உரிமையியல் நீதிமன்றமும், மறைத்தது வேண்டுமென்றே என்றால் ஏமாற்றுதலுக்கான குற்றப்பிரிவும் இருக்கின்றன.

இந்நகரியத்திலும் மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் ஷெட் நடத்தும் தொழிலாளத் தோழர்கள் இந்த உரையை அச்சில் படிப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் கைத்திறனை மதிப்பவன் நான். ஏர்பேக் இல்லாமல் மூடியை ஒட்டித் தரும்படி வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த ஒரு வேலையை மட்டும் ஏற்காதீர்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளாக உள்ள நண்பர்கள், பாலிசி புதுப்பிக்கும்போது தேய்மானக் கழிவைப் பற்றியும் பயணிகள் பாதுகாப்பைப் பற்றியும் வாடிக்கையாளருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். ஏற்கனவே ஏர்பேக் நீக்கப்பட்ட கார் யாரிடமாவது இருக்குமானால், அதைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துத் திரும்பப் பொருத்தி, பாக எண் கண்ட ரசீதை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை அந்தக் காரில், ஏர்பேக் நீக்கப்பட்ட இருக்கையில், மனைவியையோ குழந்தையையோ நண்பரையோ உட்கார வைக்கவேண்டாம் என்று உங்கள் ஒவ்வொருவரையும் பணிவன்போடு கேட்டுக்கொள்கிறேன்.